இரண்டாம் வாசல் ஏன் நிலைக்கவில்லை? மாத்தளைப் பிள்ளைகளும் பல்கலைக்கழக அனுமதியும்

உயர்தர வெட்டுப்புள்ளி வெளியானால் மாத்தளை, உக்குவளை, றத்தோட்டை, கலேவெல எங்கும் எம் வீடுகளில் ஒரே கணக்குத்தான். பல்கலைக்கழகத்துக்குத் தகுதி என்று பெறுபேற்றில் இருக்கும், ஆனால் இடம் இருக்காது. நாடு முழுவதும் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம். மற்றப் பிள்ளைகள் எம்மிடம் வந்து கேட்பது இதைத்தான்: "சேர், டிப்ளோமா ஒன்று செய்துட்டு பிறகு கெம்பஸ் போக ஏலுமா?"

இதற்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு நூறு வருடங்களுக்கு முன்பே பதில் தேடினார்கள். 1901இல் இலினோய் மாநிலத்தின் ஜோலியெட் நகரில் இரண்டு வருடக் கல்லூரி ஒன்று தொடங்கியது. 1960இல் கலிபோர்னியா அதைப் பெரும் திட்டமாக்கியது. பாடசாலைத் தேர்ச்சியில் முதல் எட்டில் ஒரு பங்கினர் நேரே மாநிலத்தின் உயர் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். மற்றவர்களுக்கு ஊர்க் கல்லூரி திறந்திருக்கும். அங்கே இரண்டு வருடம் நன்றாகப் படித்தால் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருடத்துக்கு மாறலாம். நடைமுறையில் எல்லோரும் மாறுவதில்லை. ஆனாலும் பதினெட்டு வயதில் எழுதிய பரீட்சை ஒரு பிள்ளையின் கடைசித் தீர்ப்பாக இருக்கக் கூடாது என்பதே அதன் அடிப்படை.

எம் நாட்டில் 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. அங்கே படித்தாலும் பட்டம் லண்டனுடையது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகி, 1952இல் பேராதனைக்கு வந்தது. இடையில் 1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பிறகு சுயமொழிக் கல்வியும் சேர, கிராமத்துப் பிள்ளைகள் உயர்தரம் வரை வந்தார்கள். படிக்கும் பிள்ளைகள் பெருகிய அளவுக்குப் பல்கலைக்கழக இடங்கள் பெருகவில்லை. அங்கிருந்துதான் சிக்கல் தொடங்கியது.

1971 அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. அப்போது கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். பேராதனைப் பொறியியலுக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 400இல் 250 எடுக்க வேண்டும், சிங்களமொழி மூல மாணவருக்கு 227 போதும் என்றானது. மருத்துவத்துக்கு 250, 229. இதை யாழ்ப்பாணத்தின் கதையாக மட்டும் பேசுகிறோம். ஆனால் தமிழில் எழுதிய மாத்தளை முஸ்லிம் பிள்ளைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் அதே கோடுதான். விஞ்ஞான ஆய்வுகூடமே காணாத பாடசாலையில் படித்தவரை, மொழி ஒன்று என்பதற்காக வடக்கின் பெரிய கல்லூரிகளோடு ஒரே தட்டில் வைத்தார்கள்.

1974இல் மாவட்டக் கோட்டா வந்தது. பிறகு விகிதங்கள் பல முறை மாறின. 2001இல் இசட் புள்ளி வந்தது. இன்று பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. எமக்கு வடக்கே அனுராதபுரம், கிழக்கே பொலன்னறுவை இரண்டும் அந்தப் பதினாறில் உண்டு. மாத்தளை இல்லை. கண்டியின் பெரிய பாடசாலைகளோ பக்கத்திலேயே இருக்கின்றன. வசதியான வீட்டுப் பிள்ளை அங்கே போய்விடும். லக்கலை மலைக் கிராமத்துப் பிள்ளை இங்கேதான் படிக்கும். மாவட்டம் என்ற ஒரே அளவுகோலில் இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

வாசல் இவ்வளவு ஒடுக்கம் என்றால் இரண்டாம் வாசல் ஒன்றை யாரும் யோசிக்கவில்லையா? யோசித்தார்கள். 1969இல் தெஹிவளை, பலாலி போன்ற இடங்களில் கனிஷ்ட பல்கலைக்கழகக் கல்லூரிகள் தொடங்கின. 1970இல் ஆட்சி மாறியது. திட்டம் நீடிக்கவில்லை. 1991இல் மாகாணந்தோறும் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரிகளைத் திறந்து டிப்ளோமா கொடுத்தார்கள். மாணவர்கள் பட்டம் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. அதன் பிறகு அந்தக் கல்லூரிகளே பல்கலைக்கழகங்களாயின. மத்திய, வடமேல், வட மத்திய மாகாணக் கல்லூரிகளை ஒன்றாக்கி 1996இல் ரஜரட்டை பிறந்தது. வவுனியாவில் இருந்தது 1997இல் வளாகமாகி, 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது.

இதில் எமக்கு நன்மையும் உண்டு, நட்டமும் உண்டு. இடங்கள் கூடின. ஆனால் புதிய பல்கலைக்கழகமும் பிள்ளையைத் தெரிவது அதே உயர்தரப் பெறுபேற்றைக் கொண்டுதான். பின்வாசலாகக் கட்டிய ஒவ்வொன்றும் முன்வாசலாகவே மாறிவிட்டது. ஒரு கல்லூரியில் படித்ததைக் கணக்கில் எடுத்து இன்னொன்றில் நடுவில் சேர்க்கும் பாலத்தை யாரும் உறுதியாகக் கட்டவில்லை. 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகம் உயர் தேசிய டிப்ளோமா வழங்குகிறது. அதன் கணக்கியல் மாணவர்கள் தமது டிப்ளோமாவைப் பட்டத்துக்குச் சமமாக ஏற்கும்படி 2015 அக்டோபரில் கொழும்பில் ஊர்வலம் போய்ப் பொலிஸாரின் தடியடி வாங்கினார்கள். பாலம் இல்லாததன் விலை அது.

ஆனாலும் வழியே இல்லை என்று சொல்ல மாட்டோம். எங்கள் ஆசிரியர் அறைகளைப் பாருங்கள். வெட்டுப்புள்ளியில் தவறி, கல்வியியற் கல்லூரியில் டிப்ளோமா முடித்து, வேலை செய்துகொண்டே பட்டம் பெற்றவர்கள் எத்தனை பேர்! 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் உயர்தரம் சித்தியடையாதவரையும் அடிப்படைப் பாடநெறி மூலம் எடுக்கிறது. தேசிய தொழில் தகைமையில் 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா, 7ஆம் மட்டம் பட்டம். அந்த ஏணியின் உச்சிக்காகவே 2008இல் தொழில்சார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் வந்தது. இந்த வழிகள் மெதுவானவை. ஆனால் போய்ச் சேரும்.

எனவே பெற்றோரிடம் எமது வேண்டுகோள் இதுதான். டிப்ளோமா ஒன்றுக்குப் பணம் கட்ட முன்னர் மூன்று கேள்வி கேளுங்கள். இது தேசிய தகைமைச் சட்டகத்தில் எத்தனையாம் மட்டம்? இதை ஏற்கும் பல்கலைக்கழகம் எது? அங்கே எத்தனையாம் வருடத்தில் சேர்ப்பார்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். விளம்பரப் பலகையில் "கெம்பஸ்" என்று இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

எமது அரசியல் பிரதிநிதிகளிடமும் ஒன்று கேட்போம். இன்னொரு கட்டடத்துக்குப் பல்கலைக்கழகம் என்று பெயர் வைப்பது நல்லதுதான். அதோடு, இரண்டு வருடம் நன்றாகப் படித்த பிள்ளையை மூன்றாம் வருடத்தில் ஏற்கும் விதி ஒன்றையும் கொண்டுவாருங்கள். மூன்று தடவை பரீட்சை எழுதி, இருபத்திரண்டு வயதில் வீட்டில் இருக்கும் பிள்ளைகள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை.

தேவையான வீடுகளுக்கு இது போய்ச் சேரட்டும்.