ஜெட்டுக்கு எடைக்கல் எங்கே?

2004-ல் ஃபெர்மி ஆய்வகத்தின் டி-ஸீரோ குழுவில் மாணவனாகச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்தது எடை போடும் வேலை. சிகாகோவுக்கு மேற்கே, காட்டெருமைகள் மேயும் புல்வெளிக்கு அடியில் அப்போது புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும் மோதிக்கொண்டிருந்தன. அவற்றுக்குள்ளிருந்து தெறிக்கும் குவார்க் தனியாக வெளியே வராது. துகள் கொத்தாகத்தான் வரும். அதுதான் ஜெட். யுரேனியத் தகடும் திரவ ஆர்கானும் அடுக்கிய கலோரிமீட்டர் அதை அளக்கும். அளவு குறைத்தே காட்டும். சில துகள்கள் காந்தப்புலத்தில் வளைந்து ஒதுங்கிவிடும், சில கணக்கில் விழாமலே கரையும்.

ஆகவே எதிர்த்திசையில் பார்ப்போம். சில மோதல்களில் ஜெட்டுக்கு நேரெதிரே ஒரு ஃபோட்டான் பாயும். குறுக்குவாட்டில் இரண்டும் சரிக்குச் சரி நிற்க வேண்டும், ஃபோட்டான்தான் எடைக்கல்.

அந்தக் கல்லுக்கு முத்திரை குத்தியது யார்? எலக்ட்ரான். எலக்ட்ரானுக்கு? இஸட் போசான்: அது எலக்ட்ரான் சோடியாக உடைந்தால் நிறை 91.19 ஜி.இ.வி. (துகள்களின் நிறையையும் ஆற்றலையும் அளக்கும் அலகு) வந்தாக வேண்டும். அந்த எண்ணைத் தந்தது ஜெனீவாவின் லெப் என்ற துகள் முடுக்கி வளையம். அந்த 27 கிலோமீட்டர் வளையம் நிலாவின் இழுப்பில் ஒரு மில்லிமீட்டர் போல நீண்டு சுருங்குவதைக் கண்டுபிடித்துக் கழித்தார்கள். 1995-ல், அருகே ஓடும் அதிவேக ரயிலின் மின்கசிவும் பிடிபட்டது. என் ஜெட் கணக்கில் நிலாவுக்கும் ரயிலுக்கும் பங்கு உண்டென்று தெரிந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் போட்ட முதல் வரைபடத்தில் ஜெட்டுகள் உள்ளதைவிடக் கனமாகத் தெரிந்தன. மூன்று வாரம் நோண்டிய பிறகே புரிந்தது: நான் ஃபோட்டான் என்று எண்ணியவற்றில் சில, பையான் என்ற துகள் உடைந்து ஃபோட்டான் வேஷம் கட்டிய ஜெட்டுகள். கள்ளக் கல்லை வைத்து நிறுத்திருக்கிறேன்.

ஒரு சதவீதப் பிசகுக்கு ஏன் இத்தனை பாடு? ஆற்றல் ஏற ஏற ஜெட்டுகளின் எண்ணிக்கை செங்குத்தாகச் சரியும். அங்கே சிறு பிசகும் பெரிய உபரியாகத் தெரியும். 1996-ல் பக்கத்து சி.டி.எஃப். குழு 200 ஜி.இ.வி.க்கு மேல் எதிர்பார்த்ததைவிட அதிக ஜெட்டுகளைக் கண்டது. குவார்க்குக்குள்ளும் ஏதோ இருக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. கடைசியில் தராசு குற்றவாளி இல்லை. புரோட்டானுக்குள் எத்தனை குளுவான் துகள்கள் என்ற பழைய கணக்குதான் திருத்தப்பட்டது.

பின்னாளில் டாப் குவார்க்கை நிறுத்தபோது அதுவே கை கொடுத்தது. அது உடையும்போது டபிள்யூ போசானிலிருந்து இரண்டு ஜெட்டுகள் வரும், சேர்த்தால் நிறை 80.4 ஜி.இ.வி. வர வேண்டும். நிறுக்கிற பொருளுக்குள்ளேயே எடைக்கல்! எங்கள் ஃபோட்டான் கணக்கோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்த அன்று, எங்கள் அறையில் யாரும் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை.