பழைய ஸ்டீரியோவில் பாஸ், டிரெபிள் சரியா வேலை செய்யலையா? கோளாறை கண்டுபிடிப்பது எப்படி?

பல வருஷமா பரணில் கிடந்த ஸ்டீரியோ செட்டை இறக்கி ஆன் செய்கிறீர்கள். பாட்டு வருகிறது. ஆனால் பாஸ் குமிழைத் திருப்பினால் ஸ்பீக்கரில் கரகர சத்தம். டிரெபிளைத் திருப்பினால் ஒரு மாற்றமும் இல்லை. உடனே 'செட்டு போச்சு' என்று எடைக்குப் போட்டுவிட வேண்டாம். பெரும்பாலும் கோளாறு சின்னதாகவே இருக்கும். எங்கே என்று தெரியாமல் கை வைத்தால்தான் பெரிதாகும்.

டோன் கன்ட்ரோல் எப்படி வேலை செய்கிறது?

ரெக்கார்டு பிளேயர், டேப் போன்றவற்றில் இருந்து வரும் ஒலியை வாங்கி, தேவைக்கேற்ப மாற்றி, பவர் ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவதுதான் ப்ரீஆம்ப்ளிஃபயர். பாஸ், டிரெபிள் குமிழ்கள் இதில்தான் இருக்கும்.

பழைய செட்டுகள் பலவற்றில் இருப்பது 'பாக்ஸண்டால்' வகை சர்க்யூட். பிரிட்டன் பொறியாளர் பீட்டர் பாக்ஸண்டால் 1952-ல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் இதை வெளியிட்டார். குமிழ் நடுவில் இருந்தால் ஒலியில் மாற்றம் இருக்காது. வலப்பக்கம் திருப்பினால் கூடும், இடப்பக்கம் திருப்பினால் குறையும். ஒவ்வொரு குமிழுக்குப் பின்னாலும் ஒரே தண்டில் இரண்டு பாட்கள் (வால்யூம் கன்ட்ரோல் போன்ற மாறும் மின்தடை) இருக்கும். ஒன்று இடது சேனலுக்கு, மற்றொன்று வலது சேனலுக்கு.

முதலில் செய்ய வேண்டியது என்ன?

ஸ்க்ரூட்ரைவரை எடுக்கும் முன் கோளாறு எங்கே என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

* ஒரு சேனலில் மட்டும் பிரச்னை என்றால், செட்டை ஆஃப் செய்துவிட்டு ப்ரீஆம்ப்புக்குள் வரும் இடது, வலது வயர்களை மாற்றிச் செருகுங்கள். பிரச்னை மற்ற ஸ்பீக்கருக்குத் தாவினால் பிளேயர் அல்லது வயரில்தான் தவறு.
* தாவவில்லை என்றால், வயர்களை பழையபடி செருகிவிட்டு, ப்ரீஆம்ப்பில் இருந்து வெளியே போகும் வயர்களை மாற்றிப் பாருங்கள். இப்போது தாவினால் கோளாறு ப்ரீஆம்ப்பில். தாவாவிட்டால் பவர் ஆம்ப்ளிஃபயர் அல்லது ஸ்பீக்கரைப் பார்க்க வேண்டும்.
* சில மாடல்களில் டோன் கன்ட்ரோலைத் துண்டிக்கும் பட்டன் இருக்கும். அதை அழுத்தியதும் ஒலி சரியாகிவிட்டால் டோன் பகுதியில்தான் கோளாறு.

இரண்டு சேனலிலும் ஒரே கோளாறு இருந்தால், இரண்டுக்கும் பொதுவான பவர் சப்ளை, எர்த் இணைப்பு, ஸ்விட்ச் ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

திருப்பும்போது கரகர சத்தமா?

இதற்கு முக்கிய காரணம் தூசியும் பாசி பிடித்த கான்டாக்ட்டும்தான். செட்டை ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பாட் உடம்பில் உள்ள சின்ன இடைவெளி வழியாக எலெக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனரை கொஞ்சமாக அடியுங்கள். பிறகு குமிழை இந்த முனையில் இருந்து அந்த முனை வரை 20, 30 முறை திருப்புங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே ஆன் செய்ய வேண்டும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எல்லாம் வேண்டவே வேண்டாம். அவை தூசியை இன்னும் இழுத்து ஒட்டவைக்கும்.

சுத்தம் செய்தும் சத்தம் போகலையா?

அப்போது பாட் மேல் தப்பு இல்லாமல் இருக்கலாம். பக்கத்தில் உள்ள கப்ளிங் கெப்பாசிட்டர் பழசாகி, டிசி மின்சாரத்தைக் கசியவிடலாம். அந்த டிசி பாட் வழியாகப் போனால், திருப்பும்போதெல்லாம் கரகரக்கும். செட் ஆனில் இருக்கும்போது பாட்டின் இரு முனைகளுக்கு இடையே மல்டிமீட்டரில் டிசி வோல்டேஜைப் பார்த்தால், பெரும்பாலான சர்க்யூட்களில் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். இல்லையென்றால் கெப்பாசிட்டரை மாற்ற வேண்டும். மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவு அல்லது கூடுதல், பிளஸ் மைனஸ் திசை மாறக்கூடாது. இரண்டு சேனலிலும் சேர்த்து மாற்றினால் ஒலி சமமாக இருக்கும்.

திருப்பினாலும் மாற்றமே இல்லையா?

பாட்டின் கால்களில் சால்டரிங் விட்டுப்போயிருக்கலாம், உள்ளே கார்பன் தடம் வெடித்திருக்கலாம், அல்லது அந்தக் குமிழோடு சேர்ந்த கெப்பாசிட்டர் செத்திருக்கலாம். முதலில் சால்டரை உற்றுப் பாருங்கள். பிறகு செட்டை ஆஃப் செய்து, பாட்டை சர்க்யூட்டில் இருந்து கழற்றி அளக்க வேண்டும். போர்டில் இருக்கும்போது அளந்தால் மற்ற பாகங்களும் சேர்ந்து தப்பான கணக்கு காட்டும். திருப்பும்போது ஓம் மதிப்பு சீராக ஏற வேண்டும். திடீரென தாவினால் பாட் போய்விட்டது.

புது பாட் வாங்கும்போது கவனம். பாக்ஸண்டால் சர்க்யூட்டுக்குப் பொதுவாக 'லீனியர்' வகைதான் தேவை. நடுவில் வைத்து அளந்தால் இரு பக்கமும் கிட்டத்தட்ட பாதி பாதி காட்டும். வால்யூமுக்குப் போடும் 'லாக்' வகையைப் போட்டால், குமிழ் நடுவில் இருந்தாலும் ஒலி ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும்.

உயிருக்கு ஆபத்தான இடம் எது?

வால்வு செட் என்றால் உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். டிரான்சிஸ்டர் செட்டிலும் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்விட்ச் பக்கம் 230 வோல்ட் வருகிறது. நீண்ட நாள் ஓடாத செட்டை முதல் முறை நேரடியாக பிளக்கில் செருகாமல், சீரிஸ் பல்பு வழியாக ஆன் செய்வது நல்லது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஆன் செய்துவைத்து உள்ளே அளக்கும் பழக்கம் இல்லாதவர்கள், வயர் மாற்றிப் பார்ப்பது, சுத்தம் செய்வது ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கிடம் கொடுப்பதே பாதுகாப்பு. கழற்றிய ஒரிஜினல் பாகங்களை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாட் போல அதே அளவு தண்டு, அதே மதிப்பில் புதுசு கிடைப்பது அவ்வளவு சுலபம் இல்லை.