கோட்லா தூணும் பாமினிக் கோப்பும்

புதுதில்லியின் பகதூர் ஷா சஃபர் சாலை நாளிதழ் அலுவலகங்களால் பெயர்பெற்றது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தலைமையகமான மானக் பவன் அச்சாலையில்தான் உள்ளது. இந்திய மொழிகளைக் கணினியில் பதிவதற்கான 'இஸ்கி' குறியேற்றத்தை, ஐஎஸ் 13194 என்னும் எண்ணிட்டு 1991இல் அவ்வமைவனம் வெளியிட்டது. அதே சாலையை ஒட்டிய பிரோஸ் ஷா கோட்லா இடிபாடுகளின் மேல் அசோகரின் தூண் ஒன்று நிற்கிறது. எழுத்தைக் கருத்தாகப் பாதுகாத்துவிட்டு அதைப் படிக்கும் முறையைத் தொலைத்துவிடுவது எங்ஙனம் நிகழ்கிறது என்பதை அறிய, இவ்விரண்டையும் சேர்த்துக் காண்பது நல்லது. 1990களில் தட்டெழுதப்பட்டு, காப்பு நகல்களாக நெகிழ்வட்டிலும் குறுந்தகட்டிலும் உறங்கும் தமிழ்க் கோப்புகளைத் திறக்க முயல்வோர் இன்று செய்யும் வேலை, அத்தூணுக்கு 1837இல் செய்யப்பட்ட வேலையிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று.

தூண் தில்லிக்கு வந்தேறியது. இன்றைய அரியானாவின் யமுனாநகர் மாவட்டத்திலுள்ள தோப்ராவில் நின்றதை, 14ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரோஸ் ஷா துக்ளக் பெயர்த்துக் கொணர்ந்தார். அந்த வேலையை ஷம்ஸ் சிராஜ் அஃபீப் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். தூணைச் சுற்றி இலவம்பஞ்சைக் குவித்து, அடிமண்ணை அகழ்ந்து, பஞ்சின்மேல் மெல்லச் சாய்த்தார்கள். நாணலாலும் பதனிடாத தோலாலும் உச்சி முதல் அடி வரை சுற்றினார்கள். 42 சக்கரங்கள் கொண்ட வண்டியில் ஏற்றி யமுனைக்கு இழுத்துவந்து, படகுகளைப் பிணைத்து அதன்மேல் மிதக்கவிட்டார்கள். ஒரு பதிவை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு மாற்றுவதற்கு இதைவிடப் பொறுப்பான ஏற்பாட்டை நான் படித்ததில்லை. தூண் பத்திரமாக வந்து சேர்ந்தது. சுல்தான் அந்தணர்களை அழைத்துப் படிக்கச் சொன்னபோது ஒருவராலும் படிக்க இயலவில்லை. பிரோஸ் என்னும் மன்னன் வரும்வரை இத்தூணை எவராலும் அசைக்க முடியாது என்று எழுதியிருப்பதாகச் சிலர் சொன்னார்களாம். அரசவையில் பிழைக்கத் தெரிந்தவர்கள்.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தூணைக் கண்ட ஆங்கிலப் பயணி தாமஸ் கோரியட், எழுத்து கிரேக்கம் என்றும், போரஸை வென்ற அலெக்சாந்தர் நாட்டிய தூண் என்றும் எண்ணினார். தனக்குத் தெரிந்த எழுத்தின் சாயலைத் தெரியாத எழுத்தின்மேல் ஏற்றியதன் விளைவு அது. பொருந்தாத எழுத்துருவில் கோப்பைத் திறந்தால் திரையில் தோன்றும் குழப்பமும் இவ்வகைப்பட்டதே.

காப்பு நகல்களுக்கும் அங்கே குறைவில்லை. அசோகரின் ஆறு தூண் கட்டளைகள் தோப்ரா, மீரட், அலகாபாத், லௌரியா அராராஜ், லௌரியா நந்தன்கட், ராம்பூர்வா ஆகிய இடங்களின் தூண்களில் திரும்பத் திரும்ப வெட்டப்பட்டன. கல்கத்தா நாணயச் சாலையின் அதிகாரியும் ஆசியக் கழகத்தின் செயலாளருமான ஜேம்ஸ் பிரின்செப், தில்லி, அலகாபாத் எழுத்துகளோடு காத்மாண்டிலிருந்து பிரையன் ஹாட்ஜ்சன் அனுப்பிய லௌரியாவின் படியையும் வைத்து ஒப்பிட்டு, மூன்றும் ஒரே வாசகம் என்று 1834இல் கண்டுகொண்டார். நகல்கள் ஒத்துப்போயின, படியெடுத்தவர்களின் பிழைகளும் திருத்தம் பெற்றன. ஆயினும் ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியவில்லை. அதற்கு மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின. காப்பு நகல் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதற்கு அந்த மூன்று ஆண்டுகளைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

வழி திறந்தது வேறிடத்தில். 1836இல் கிறிஸ்தியன் லாஸன், ஒருபுறம் கிரேக்கமும் மறுபுறம் பிராமியும் பொறித்த அகாத்தோக்ளிஸ் என்னும் மன்னனின் நாணயத்தைக் கொண்டு சில எழுத்துகளைப் படித்தார். மறு ஆண்டில், சாஞ்சியின் கற்சுற்றுவேலியில் இருந்த சின்னஞ்சிறு வாசகங்கள் பிரின்செப்பின் மேசைக்கு வந்தன. அவற்றுள் மிகப்பல ஒரே முடிவைக் கொண்டிருந்தன: இரண்டு எழுத்துகள், இறுதியில் ஒரு புள்ளி. கோயிலில் பலரும் பொறித்துவைக்கும் ஒற்றைச் சொல் 'கொடை' என்பதாகத்தானே இருக்கும் என்று ஊகித்து, அதை 'தானம்' என்று படித்தார். 'த'வும் 'ந'வும் கிடைத்தபின் மற்றவை விரைவில் கிடைத்தன. தில்லித் தூணைப் படித்தபோது, பியதசி என்ற பெயரை முதலில் இலங்கை மன்னன் ஒருவனுடையதென்று கருதினார். தீபவம்சத்தைக் கையில் வைத்திருந்த ஜார்ஜ் டர்னர் இலங்கையிலிருந்து அதைத் திருத்தி, அது அசோகரே என்று காட்டினார்.

திறவுகோல் கிடைத்த பின்னரும் அமைவு மாறினால் வாசகம் மாறும் என்பதைத் தமிழ்நாட்டுக் குகைக் கல்வெட்டுகள் கற்பித்தன. எழுத்து பிராமியே, ஆனால் அசோகரின் முறைப்படி படித்தால் சொற்கள் பொருள் தரவில்லை. ழ, ள, ற, ன என்னும் எழுத்துகள் இருப்பதைச் சுட்டி, இவற்றின் மொழி தமிழ் என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் நிறுவினார். பின்னர் ஐராவதம் மகாதேவன், தொன்மையான கல்வெட்டுகளில் தனி மெய்யெழுத்துக்குள் அகரம் இல்லை என்றும், அசோகர் முறையில் ஆகாரத்தைக் குறிக்கும் கோடு இங்கே அகரத்துக்கும் வரும் என்றும் விளக்கினார். 'மகன்' என்று வெட்டியதை வடக்கத்திய விதிப்படி படித்தால் 'மாகான' என்று வரும். வடிவங்கள் ஒன்றே, விதி மட்டும் வேறு.

கணினியில் நடந்ததும் ஏறக்குறைய இதுவே. இஸ்கியின் அடிப்படை எண்ணம் அழகானது. பிராமியிலிருந்து கிளைத்த எழுத்துமுறைகள் அனைத்தும் ஒரே வரிசையில் அடங்குவதால், எல்லாவற்றுக்கும் ஒரே எண்களைத் தந்துவிட்டார்கள். 179 என்பது தமிழில் க, தேவநாகரியிலும் க, தெலுங்கிலும் க. எந்த எழுத்தில் காட்டவேண்டும் என்பதை 239 என்னும் எண்ணும் அதைத் தொடரும் ஒரு குறியும் சொல்லும். அக்குறி கோப்பில் இல்லாமல், மொழித் தேர்வு கணினியின் அமைவில் மட்டும் இருந்திருந்தால், கணினி போனதும் கோப்பு தன் மொழியை மறந்துவிடும். கட்டளைகளை வகுத்த இந்த ஒழுங்கு ஒருங்குறிக்கும் போயிற்று. ஒருங்குறியின் தமிழ்ப் பகுதியில் க-வுக்கும் ங-வுக்கும் இடையில் மூன்று இடங்கள் இன்றும் வெறுமையாகக் கிடப்பது இஸ்கியின் எச்சமே.

ஆனால் தமிழில் எழுதியவர்களில் பெரும்பாலோர் இஸ்கியைப் பயன்படுத்தவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருவையும் தனி அட்டவணையையும் வைத்திருந்தது. தன்னார்வலர்கள் மின்னஞ்சலில் விவாதித்து உருவாக்கிய 'திஸ்கி' ஒரு பக்கம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற 'தாம்', 'தாப்' மறுபக்கம். ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பாமினி பரவலாயிற்று. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை அமர்த்தியது. எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்னும் சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து குறிகளாகத் தோன்றும். ஒரு தலைமுறையின் கவிதை, கடிதம், இதழ், ஆய்வேடு பலவும் இப்படித்தான் கிடக்கின்றன. கோப்பு பழுதடையவில்லை. எந்த எழுத்துருவில் அடித்தது என்பதைச் சொல்லும் ஒற்றை வரி மட்டும் காணாமல் போயிற்று.

மீட்கும் வழியும் பிரின்செப்பின் வழியே. எது அடிக்கடி வருகிறது என்று எண்ணவேண்டும். பாமினியில் அரைப்புள்ளி அளவுக்கு மீறி வரும், அது மெய்ப்புள்ளி. புள்ளியால் சொல் தொடங்காது. எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்கு முன்னே அடிக்கப்படுவதால் அவற்றால் சொல் முடியாது. இத்தனை கட்டுப்பாடுகள் இருக்கும்போது அட்டவணை வெகுநேரம் ஒளிந்திருக்க முடியாது. அக்கோப்பிலிருந்து அச்சான இதழின் ஒரு பக்கம் கையில் இருந்தால், அது அகாத்தோக்ளிஸின் நாணயத்துக்கு ஒப்பானது. இவ்வளவுக்குப் பிறகும் இடறும் இடங்கள் உண்டு. 'கொ' என்பதை எழுத்துருக் கோப்பு கொம்பு, க, கால் என மூன்றாக வைத்திருக்கும், ஒருங்குறியோ க-வும் ஒகரக் குறியுமாக இரண்டாக வைக்கும். வரிசையை மாற்றிக் கோக்க வேண்டும். ஔகாரத்தின் பின்பகுதிக்கு ளகரத்தையே இட்டுவந்த பழக்கத்தால், மாற்றியின் வழி வந்த 'கௌரவம்' இணையமெங்கும் 'கெளரவம்' ஆகி நிற்கிறது. நிரலைத் திட்டிப் பயனில்லை. இரண்டுக்கும் கோப்பில் ஒரே குறிதான்.

திஸ்கிக் கோப்புகள் பிழைத்ததற்குக் காரணம் எளிது: அதன் அட்டவணை பொதுவெளியில் இருந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை முதலில் அம்முறையில் தொகுத்துப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ள முடிந்தது. லினக்ஸ் கணினிகளில் இயங்கும் குனு சி நூலகத்தில் திஸ்கிக்கான மாற்றட்டவணை இன்றும் இருக்கிறது. கடையை மூடிவிட்ட நிறுவனத்தின் எழுத்துருவுக்கு இந்தப் பேறு இல்லை. பழைய கணினியின் எழுத்துரு அடைவில் கிடக்கும் சிறு கோப்பு ஒன்றே அதன் இலக்கணம். ஆவணங்களை மட்டும் நகலெடுத்து, 'கணினிக் குப்பை' என்று அந்த அடைவை அழித்துவிடுவது பலரும் செய்வது.

மீட்க இயலாத நிலையும் ஒன்றுண்டு. பழைய கோப்பைப் புதிய நிரலில் திறந்து, திரையில் கண்ட குழப்பத்தோடு அப்படியே சேமித்துவிட்டால், அறியாத எண்களையெல்லாம் அந்நிரல் வினாக்குறிகளாக மாற்றிவிடக்கூடும். அதன்பின் எந்த அட்டவணையும் பயன்படாது. தில்லி மலைமுகட்டில் நிற்கும் மீரட் தூண் இதற்கு ஒப்பு. பிரோஸ் ஷாவே கொணர்ந்த அத்தூண், ஃபரூக்சியார் காலத்தில் வெடிமருந்து வெடித்துத் துண்டுதுண்டானது. ஒட்டிச் சேர்த்து மீண்டும் நிறுத்தியது 1867இல். அதில் அழிந்துபோன வரிகளை இன்று நிரப்பிப் படிக்க முடிவது, மற்றத் தூண்களில் அதே கட்டளைகள் இருப்பதால்தான். கோட்லாத் தூணின் ஏழாம் கட்டளைக்கு அந்த வசதியும் இல்லை. கல்தூணோ கற்பலகையோ இருக்கும் இடமெல்லாம் இந்த அறவுரையை வெட்டுக, நெடுங்காலம் நிற்கட்டும் என்று அசோகர் சொல்வது அந்த ஏழாம் கட்டளையில். இந்தியத் தூண்களில் வேறெதிலும் அது காணப்படவில்லை.