பூட்டு இல்லை, சாவியும் இல்லை!

1857, நவம்பர் மாதம். ஜப்பானில் ஹகோனே மலைப்பாதை. அமெரிக்கத் தூதர் டவுன்சென்ட் ஹாரிஸ் பரிவாரங்களோடு எடோ நகரத்துக்குப் (இன்றைய டோக்கியோ) போய்க்கொண்டிருக்கிறார். ஷோகனை நேரில் சந்தித்து வர்த்தக ஒப்பந்தம் பேச வேண்டும். வழியில் ஒரு செக்போஸ்ட். பல்லக்குக் கதவைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும், அதுதான் இங்கே சட்டம் என்கிறார்கள் அதிகாரிகள். முடியவே முடியாது என்கிறார் ஹாரிஸ்.

கூட வந்த ஜப்பானிய அதிகாரிக்கு தர்மசங்கடம். இந்தப் பக்கம் வெள்ளைக்காரத் தூதர், அந்தப் பக்கம் இருநூறு வருடத்துக்கும் மேற்பட்ட வழக்கம். கடைசியில் ஒரு யோசனை சொன்னார். ஐயா நீங்கள் குதிரை மேல் ஏறி முன்னால் போய்விடுங்கள், காலிப் பல்லக்கை மட்டும் அவர்கள் திறந்து பார்த்துக்கொள்ளட்டும். ஊஹூம்! சோதனை என்கிற பேச்சே கூடாது என்று ஹாரிஸ் முறுக்கிக்கொண்டார். எடோவுக்கு ஆள் அனுப்பிக் கேட்டுவர ஐந்து நாள் ஆகுமே என்றதற்கு, அப்படியானால் நான் வந்த வழியே திரும்புகிறேன் என்றார். இரண்டு மணி நேர இழுபறிக்குப் பிறகு, சோதனை இல்லாமலே அனுப்பிவைத்தார்கள். இது அவரே தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருப்பது.

அப்படியென்ன ஒரு செக்போஸ்ட்டுக்கு இவ்வளவு வீம்பு?

காரணம் இருந்தது. 1635-லிருந்து ஜப்பானின் குறுநில மன்னர்களுக்கு ஷோகன் ஒரு கட்டளை போட்டிருந்தார். ஒரு காலம் சொந்த ஊர், ஒரு காலம் எடோ என்று மாறி மாறி வசிக்க வேண்டும். மன்னர் ஊருக்குப் போகலாம். ஆனால் அவர் மனைவி? அவர் எடோவிலேயே இருக்க வேண்டும். பச்சையாகச் சொன்னால் பணயக் கைதி. மனைவியை ரகசியமாக ஊருக்குக் கடத்திக்கொண்டு போகிறான் என்றால், அந்த மன்னன் கலகத்துக்குத் தயாராகிறான் என்று அர்த்தம். அதேபோல எடோவை நோக்கித் துப்பாக்கி வருகிறது என்றாலும் அதே அர்த்தம்தான். ஆக, உள்ளே போகும் துப்பாக்கி, வெளியே போகும் பெண் - இந்த இரண்டையும் பிடிக்கத்தான் செக்போஸ்ட்டுகள். அவற்றில் முக்கியமாக வெளியே போகும் பெண்களைக் கண்காணித்தது ஹகோனே செக்போஸ்ட். 1619-ல் வைத்தார்கள்.

பெண்களைச் சோதிக்க அங்கே வயதான பெண்மணிகளையே வேலைக்கு வைத்திருந்தார்கள். கொண்டையை அவிழ்த்து, விரலை விட்டுத் துழாவி, கையில் இருக்கும் அனுமதிச்சீட்டில் எழுதிய அடையாளங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் விடுவார்கள். 1702-ல் ஓதமா என்ற இளம்பெண், எடோவில் வேலை பார்த்த வீட்டிலிருந்து தப்பிச் சொந்த ஊருக்குப் போக நினைத்தாள். கையில் சீட்டு இல்லை. செக்போஸ்ட்டைத் தவிர்த்து மலைச்சரிவு வழியாகப் போனவள் பிடிபட்டாள். தலையைச் சீவிவிட்டார்கள். அவளுக்கும் ஷோகனின் அரசியலுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. அம்மா வீட்டுக்குப் போக ஆசைப்பட்ட பெண், அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும் குளத்துக்கு இன்றைக்கும் அவள் பெயர்தான்.

சரி, ஹாரிஸிடம் வருவோம். செக்போஸ்ட்டைத் தாண்டி மலையிலிருந்து கீழே இறங்கினால் ஹதாஜுகு என்று ஒரு சின்ன கிராமம். எடோவையும் கியோட்டோவையும் இணைக்கும், சுமார் 500 கிலோமீட்டர் நீளமான தொகைதோ நெடுஞ்சாலையில், ஓதவாரா என்ற ஊருக்கும் ஹகோனேவுக்கும் நடுவே ஏறுகிறவர்கள் மூச்சு வாங்க உட்காரும் இடம். அங்கிருந்த தோட்டத்தைப் பார்த்த பிறகுதான் ஹாரிஸின் கோபம் தணிந்தது என்று உள்ளூரில் சொல்வார்கள்.

அந்தக் கிராமம்தான் இந்த வாரம் நம் கதாநாயகன்.

எல்லாவற்றையும் திறந்து காட்டு என்று மிரட்டும் செக்போஸ்ட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாது, கொஞ்சம் இறக்கம். ஆனால் அந்த மலைச்சரிவில்தான் பிற்காலத்தில் யாராலும் லேசில் திறக்க முடியாத பெட்டிகள் செய்ய ஆரம்பித்தார்கள். 'ஹிமிட்சு பாகோ' என்று பெயர். ஹிமிட்சு என்றால் ரகசியம். ஹாகோ என்றால் பெட்டி. சேர்த்துச் சொல்லும்போது பாகோ. ஹகோனே என்ற ஊர்ப் பெயரை எழுதும்போதும் முதல் எழுத்து 'பெட்டி' என்பதற்கான எழுத்துதான்! பெயர்ப் பொருத்தம் பார்த்தா வைத்தார்கள்? இல்லை, தற்செயல்.

ஹகோனே மலையில் மர வகைகள் ஏராளம். ஒரே நிறமல்ல. மிஸுகி வெள்ளை, மாக்னோலியா சாம்பல் கலந்த பச்சை, நிகாகி மஞ்சள், வால்நட் பழுப்பு, மண்ணுக்குள் பல நூறு வருடம் புதைந்து கிடந்த மரம் என்றால் கறுப்பு. ஹதாஜுகுவில் இஷிகாவா நிஹெய் (1790-1850) என்ற தச்சர் இந்த நிறங்களைப் பார்த்தார். சாயம் எதற்கு, மரமே சாயமாக இருக்கிறதே! கலர் கலராக மரக்குச்சிகளை அறுத்து, முக்கோணமும் சாய்சதுரமுமாக அடுக்கி, பசை போட்டு ஒட்டி, ஒரு கட்டையாக்கினார். குறுக்கே அறுத்தால் கோலம் போட்ட மாதிரி டிசைன். இதற்கு 'யோசெகி' என்று பெயர்.

இதைவிட ஆச்சரியம் அடுத்த கட்டம். அந்தக் கட்டையைப் பெரிய இழைப்புளியால் ஒரே இழுப்பாக இழுக்கிறார்கள். நம்மூர் தச்சுப் பட்டறையில் சீவல் சுருள் சுருளாகத் தரையில் விழுமே, அதேதான். நாம் அதைக் கூட்டி அடுப்புக்குப் போட்டுவிடுவோம். அவர்களுக்குச் சரக்கே அந்தச் சீவல்தான்! கனம் சுமார் 0.2 மில்லிமீட்டர். தாளைப்போல் இருக்கும். சூடு காட்டிச் சுருக்கம் எடுத்து, சாதாரண மரப்பெட்டி மேல் ஒட்டிவிட்டால், பெட்டி முழுக்க வண்ணக்கோலம்.

இந்தக் கோலத்துக்கு ஒரு உபரி லாபம் உண்டு. பெட்டியில் எந்தப் பலகை எங்கே சேர்கிறது என்ற இணைப்புக் கோட்டை அது மறைத்துவிடும். ரகசியப் பெட்டிக்கு வேறென்ன வேண்டும்?

வேலை செய்கிற விதம் இதுதான். கையில் எடுத்தால் ஆறு பக்கமும் மூடிய ஒரு கட்டி. கீல் கிடையாது, பூட்டு கிடையாது, சாவித் துவாரம் கிடையாது, ஆணியும் கிடையாது. ஆனால் ஒரு ஓரப் பலகையைச் சரியான திசையில் தள்ளினால் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நகரும். உள்ளே காடி வெட்டியிருக்கிறது, அதில் ஒரு மரத்தாழ்ப்பாள் ஓடுகிறது. இந்தப் பலகை நகர்ந்ததால், எதிர்ப்பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்த தாழ்ப்பாள் விலகுகிறது. இப்போது அது நகரும். அது நகர்ந்தால் மூன்றாவது. சில சமயம் முதலில் நகர்த்தியதைப் பாதி பின்னுக்குத் தள்ள வேண்டியிருக்கும். வரிசை முடிந்ததும் மேல்மூடி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். வரிசை தப்பினால்? ஒன்றும் ஆகாது. பெட்டி சும்மா உட்கார்ந்திருக்கும். பார்க்கிறவனுக்கு எரிச்சல் வருவதே அந்த அமைதியால்தான்.

பெட்டியின் அளவைப் பழைய ஜப்பானிய 'சுன்' கணக்கில் சொல்வார்கள். ஒரு சுன் என்பது சுமார் 3 சென்டிமீட்டர். பெட்டியின் தரத்தை நகர்வுகளின் எண்ணிக்கையில் சொல்வார்கள். நாலு, ஏழு, பத்து, இருபத்தொன்று... சுற்றுலா வந்தவர்கள் வாங்கிப்போவது இந்த ரகம். கில்லாடித் தச்சர்கள் 122, 125 நகர்வுப் பெட்டிகளெல்லாம் செய்திருக்கிறார்கள். 1536 நகர்வில் திறக்கும் கனசதுரம்கூட உண்டு! நடுவில் போன் வந்தால் கதை கந்தல்.

இந்தப் பெட்டிகளைப் பற்றி ஒரு கதை பிரபலம். சாமுராய்களும் நிஞ்ஜாக்களும் செக்போஸ்ட்டில் மாட்டாமல் ரகசிய ஓலை கடத்துவதற்காகச் செய்யப்பட்டவையாம். கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. நான் நம்பவில்லை. ரகசிய அறை வைத்த பெட்டி ஜப்பானில் மட்டுமல்ல, நம்மூர் வியாபாரிகளின் கல்லாப்பெட்டியிலும் இருந்தது. ஆனால் இன்று நாம் பார்க்கிற, பலகை பலகையாக நகர்த்தும் ஹகோனே பெட்டி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிச் சரக்கு. அப்போது கடத்துவதற்குச் செக்போஸ்ட்டே இல்லை, 1869-ல் மூடியாயிற்று. போதாக்குறைக்கு, பார்த்தவுடனே 'இதில் ஏதோ ரகசியம் இருக்கிறது' என்று சொல்கிற பெட்டியில் யாராவது ரகசியத்தை வைப்பானா? காவல்காரனிடம் பொறுமை இல்லாவிட்டால் சுத்தியலால் ஒரே போடு!

உண்மைக் கதை வேறு. அதில்தான் ஹாரிஸ் மறுபடி வருகிறார். பல்லக்கைத் திறக்கவிடாத அதே மனிதர் 1858-ல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். 1859-ல் யோகோஹாமா துறைமுகம் திறந்தது. வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கோடை வெயிலுக்கு அவர்களுக்கு மலை வேண்டும், வெந்நீர் ஊற்று வேண்டும். ஹகோனேவில் இரண்டும் இருந்தன. 1878-ல் மியானோஷிதாவில் வெளிநாட்டினருக்கென்றே ஃபுஜியா ஹோட்டல் திறந்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போகும்போது கையில் எதையாவது வாங்கிக்கொண்டு போக வேண்டுமே. யோசெகி பெட்டியும் வாங்கினார்கள்.

இது ஹகோனே தச்சர்களுக்கு வெறும் உபரி வருமானமல்ல. 1889-ல் டோக்கியோவிலிருந்து மேற்கே போகும் ரயில் பாதை முழுதாகத் தயாரானது. அது ஹகோனே மலையை ஏறவில்லை. வடக்கே கோதெம்பா வழியாகச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. கல் பாவிய பழைய மலைச்சாலையில் ஆள் நடமாட்டம் ஓய்ந்தது. பல்லக்குத் தூக்கிகளுக்கு வேலை போயிற்று, டீக்கடைகளுக்கு ஆள் இல்லை. வழிப்போக்கர்களை நம்பியிருந்த ஹதாஜுகு போன்ற ஊருக்கு மிஞ்சியது மரமும் கைவேலையும்தான். 1923-ல் கான்டோ பூகம்பம் ஓதவாராவையும் ஹகோனேவையும் புரட்டிப் போட்டது. அதிலிருந்தும் எழுந்தார்கள்.

இன்னொரு உபகதை. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் ரஷ்ய மரப்பொம்மை தெரியுமல்லவா, மத்ரியோஷ்கா? 1890-களில் மாஸ்கோ பக்கத்தில் பிறந்தது. ஹகோனேயில் கடைந்த, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் சாமி பொம்மையைப் பார்த்துத்தான் அதைச் செய்தார்கள் என்று ஹகோனேக்காரர்கள் அடித்துச் சொல்கிறார்கள். அதைக் கடைந்த ரஷ்யத் தச்சர் ஸ்வ்யோஸ்தோச்கின், நான் எந்த ஜப்பான் பொம்மையையும் பார்க்கவில்லை என்றார். பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.

1945-க்குப் பிறகு அமெரிக்கச் சிப்பாய்கள் பை பையாக வாங்கிப் போனார்கள். அந்தப் பெட்டிகள் இன்று அமெரிக்காவில் பரண்களிலிருந்து இறங்கி வருகின்றன. தாத்தா போய்விட்டார், திறக்கும் வழி எழுதிய தாளும் போய்விட்டது, பெட்டியை ஆட்டினால் உள்ளே ஏதோ சத்தம். பேரன் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறான். அவன் கிழிப்பது தாளைப்போன்ற சீவலை என்பது அவனுக்குத் தெரியாது. மழைக்காலத்தில் மரம் ஊதி இறுகியிருந்தால் சரியான வழி தெரிந்தவனுக்கே பலகை அசையாது. காய்ந்தபின் தானாக இளகும். காத்திருக்கத்தான் வேண்டும்.

மலிவுச் சரக்குகள் வந்தபின் நினைவுப்பொருள் வியாபாரத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று சிலருக்குப் புரிந்தது. 1984-ல் ஜப்பான் அரசு ஹகோனே யோசெகியைப் பாரம்பரியக் கைத்தொழிலாக அறிவித்தது. புத்தாண்டில் நடக்கும் ஹகோனே தொடர் ஓட்டத்தில் முதல் நாள் ஜெயிக்கும் கல்லூரிக்கு யோசெகி கோப்பை கொடுக்கிறார்கள். ஆனால் எனக்குப் பிடித்தது அகியோ கமேய் என்ற தச்சர் செய்த காரியம். நினோமியா என்ற பழைய கை ஒருவரிடம் தொழில் கற்றவர். பெட்டி பெட்டியாகத்தான் இருக்க வேண்டுமா, தள்ளினால்தான் திறக்க வேண்டுமா என்று யோசித்தார். சாய்த்தால் திறக்கும், பம்பரமாகச் சுற்றினால் திறக்கும் என்று இறங்கினார். 1999-ல் சக தச்சர்களைச் சேர்த்து 'கராகுரி' குழுவை ஆரம்பித்தார்.

இவர்களிடம் ஒரு வினோதமான ஏற்பாடு. பெட்டி சேகரிப்பவர்கள் முன்கூட்டியே பணம் கட்டி உறுப்பினர் ஆகலாம். எந்தத் தச்சரின் பெட்டி வேண்டும் என்று மட்டும் சொல்லலாம். என்ன பெட்டி என்று சொல்ல மாட்டார்கள். தச்சர் வருடம் பூராவும் யோசித்துச் செய்து, கிறிஸ்துமஸ் பரிசாக அனுப்புவார். இதற்கும் உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. அமெரிக்காவில் ஜெரி ஸ்லோகம் என்பவர் வாழ்நாள் பூராவும் சேர்த்த புதிர்ப் பொருட்கள் 30,000-ஐத் தாண்டும். 2006-ல் அதை இண்டியானா பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்துக்குக் கொடுத்தார். புத்தகத்துக்குப் பெயர்போன அந்த நூலகத்தில், பார்வையாளர்கள் கையில் எடுத்துத் திருகிப் பார்க்கவும் சில புதிர்களை வைத்திருக்கிறார்கள்.