செய்தவர் பெயருக்குக் கட்டம் எங்கே?

ஓர் ஊரின் இசையைப் பதிவு செய்கிறேன் என்று கிளம்புகிறவர் முதலில் போடுவது பெயர்ப் பட்டியல். யார் பாட்டு, யாரிடம் படித்தார், யார் வயலின், யார் மிருதங்கம், எந்தச் சபா, எத்தனை மணிக்கு. பார்த்தால் ஒன்றும் அறியாத பட்டியல் மாதிரித்தான் இருக்கும். ஆனா எந்தக் கட்டத்தைப் போடுவது, எதைப் போடாமல் விடுவது என்பதிலேயே சாதி தன் வேலையை முடித்துவிடும். கட்டம் இல்லாத ஆளுக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாத ஆளுக்கு வரலாறும் இல்லை. சென்னையின் சாஸ்திரிய சங்கீதத்துக்கென்று தொடங்கப்பட்ட வலைத்தளங்களைப் பற்றிப் பேசும்போதும் இங்கிருந்துதான் தொடங்கணும்.

இந்தப் பட்டியல் இணையத்தில் பிறந்ததல்ல. 1904இல் எட்டயபுரத்திலிருந்து சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' தெலுங்கில் வந்தது. கீர்த்தனைகளோடு வித்வான்களின் வாழ்க்கைக் குறிப்பும் அதில் உண்டு. 1917இல் தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். பழந்தமிழ் இசைதான் இன்றைய சங்கீதத்தின் வேர் என்று நிறுவப் பாடுபட்ட நூல் அது. பிறகு 1927 டிசம்பர். சென்னைக் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி அகில இந்திய இசை மாநாடு நடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமி. மார்கழிக் கச்சேரிகளின் இன்றைய ஒழுங்குக்கு அதுவே அச்சாணி. அதே 1927 டிசம்பர் 25ஆம் தேதி, மகாத்தில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. ஒரே மாதம், ஒரே நாடு. ஒரு பக்கம் எது சுத்தமான சங்கீதம் என்ற பேச்சு. இன்னொரு பக்கம் பொதுக்குளத்தில் தண்ணீர் குடிக்கும் உரிமைக்காகப் போராட்டம். நம்ம இசை வரலாற்று நூல்களில் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்ப்பது அபூர்வம்.

1943இல் தமிழ் இசைச் சங்கம் வந்தது. தெலுங்குக் கீர்த்தனை மட்டுந்தானா, தமிழ்ப் பாட்டு துக்கடாவா என்ற கேள்வி நியாயமானது. நாமும் அந்தப் பக்கந்தான் நிற்கிறோம். ஆனா பாட்டின் மொழியைப் பற்றிய அந்தச் சண்டையின் மையத்துக்கு, வாத்தியத்தைச் செய்தவரும் வரவில்லை, பறையை அடித்தவரும் வரவில்லை. கீர்த்தனையின் மொழி மாறியது. வாசலில் நின்ற பறை வாசலிலேயே நின்றது.

நந்தன் கதையைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி எழுதிய 'நந்தனார் சரித்திரம்' சபாக்களுக்குப் பிடித்த சரக்கு. 1935இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942இல் எம்.எம். தண்டபாணி தேசிகரும் நந்தனாகத் திரையில் நடித்தார்கள். வாசலில் நின்று உள்ளே வர ஏங்கும் சேரிக்காரனின் புலம்பலைக் கேட்டுக் கண் கலங்காத ரசிகர் இல்லை. பாட்டாக நந்தன் உள்ளே வரலாம். ஆளாக அவன் உள்ளே வந்தால்தான் சிக்கல்.

2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இதெல்லாம் கணினிக்கு ஏறியது. 'மயிலாப்பூர் டைம்ஸ்' வட்டார இதழை நடத்திய வின்சென்ட் டிசோசாவின் 'கச்சேரிபஸ்' வந்தது. 'கர்நாட்டிகா' வந்தது. 1978 முதல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் தியாகராஜ ஆராதனை நடத்தி வருகிற அளவுக்குப் பரவியிருந்த ரசிகர் கூட்டத்துக்கு, மயிலாப்பூரில் இன்று யார் பாடுகிறார் என்று அன்றே தெரிந்துகொள்ள வழி பிறந்தது. இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கச்சேரி விவரம் குடும்பத்துக் காதிலிருந்து குடும்பத்துக் காதுக்குப் போன காலம் போய், யாரும் பார்க்கிற இடத்துக்கு வந்தது நல்லதே.

நான் இருப்பது அசோக் நகர். கிழக்கே மேற்கு மாம்பலம், அதைத் தாண்டினால் தி. நகர். வாணி மகாலும் கிருஷ்ண கான சபாவும் அங்கே. தெற்கே எம்.ஜி.ஆர். நகர், ஜாபர்கான்பேட்டை, அங்கே சாவு விழுந்தால் பறைச் சத்தம் கேட்கும். மத்தியானக் கச்சேரிக்குப் பல சபாக்களில் டிக்கெட் கிடையாது. திரையில் விவரம் பார்த்து எங்க தெருப் பையன் யாரும் போய் உட்காரலாம். யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனா ஏன் போவதில்லை? அந்த அரங்கில் தன்னுடைய ஆள் என்று சொல்ல ஒரு பெயரும் அவனுக்குக் கண்ணில் படுவதில்லை. இத்தனைக்கும் அவனுடைய ஆள் அங்கே மேடை நடுவிலேயே இருக்கிறார், மிருதங்கத்துக்குள்ளே.

மிருதங்கத்துக்குப் பலாக்கட்டை வேணும். பசு, ஆடு, எருமை என மூன்று பிராணியின் தோல் வேணும். தோலை வாங்கி, ஊறப்போட்டு, மயிர் சுரண்டி, காயவைத்து, வெட்டி, எருமைத்தோல் வாரால் இழுத்துக் கட்டணும். வலந்தலையில் கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கரணை ஏற்றணும். ஒவ்வொரு படிவுக்கும் தட்டிப் பார்த்து நாதம் கேட்கணும். சுருதி காதில் இல்லாதவனால் இதைச் செய்ய முடியாது. இது வெறும் கைவேலை இல்லை, இசை ஞானம். இந்த ஞானம் உடையவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் வாசிப்பைப் பற்றி எத்தனையோ பேர் எழுதினார்கள். அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்தைப் பற்றி எத்தனை பேர் எழுதினார்கள்?

எழுதியபோது என்ன நடந்தது என்பதும் வரலாறுதான். டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்பவர்களைத் தேடிப் போய் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வந்தது. வெளியீட்டுக்கு அரங்கம் தந்திருந்த கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் அனுமதியை ரத்து செய்தது. விழா பிப்ரவரி 2ஆம் தேதி தரமணி ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தது. தொல். திருமாவளவனும் ராஜ்மோகன் காந்தியும் கலந்துகொண்டார்கள். மாட்டுத்தோல் மேடையில் இருக்கலாம். அது மாட்டுத்தோல் என்ற பேச்சு மட்டும் மேடையில் இருக்கக் கூடாது. இதுதானே சங்கதி?

2017இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களின் வரிசையில் சேர்த்தது. சந்தோஷம். ஆனா இந்த நகரத்தின் இசை எது? கானா இல்லையா? பறை இல்லையா? இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை ஊர் ஊராகப் பாடிய கே.ஏ. குணசேகரன், மக்கள் இசையை ஆராய்ச்சிக்கும் மேடைக்கும் ஒருசேரக் கொண்டுவந்தவர், 2016இல் மறைந்தார். 2018 ஜனவரியில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் மேடை ஏறியது. 2020 டிசம்பரில் நோய்த்தொற்றால் சபாக் கச்சேரிகள் இணையத்துக்குப் போன அதே மார்கழியில், நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. மாதத்தின் பெயரையே கேட்டு வாங்கிய காரியம் அது.

இங்கே ஒரு எச்சரிக்கை. தோல் வேலை செய்கிறவர் பெயரைப் பதிவு செய்யணும் என்றால், அவர் பிள்ளையும் தோலையே சுரண்டணும் என்று அர்த்தமில்லை. செத்த மாட்டை இழுக்கும் கட்டாயத்தை விடச் சொன்னவர் அம்பேத்கர். கலை அழிகிறதே என்று சபாக்காரர் வருத்தப்பட்டால், அவர் வீட்டுப் பிள்ளை வந்து கற்றுக்கொள்ளட்டும். நாம் கேட்பது தொழிலைக் காப்பாற்றச் சொல்லி அல்ல. செய்த ஞானத்துக்குப் பெயர், வாங்கிய வேலைக்குக் கூலி, விட்டுப் போக உரிமை. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் மரியாதை.

அசோக் நகரில் நாங்கள் சில பேர் சேர்ந்து, இந்த வட்டார இசைக்கு ஒரு வலைத்தளம் தொடங்கும் வேலையில் இருக்கிறோம். பெரிய பணம் கிடையாது. கச்சேரிக் குறிப்பு அதிலும் வரும்: பாட்டு, வயலின், மிருதங்கம். மிருதங்கத்துக்குக் கீழே இன்னொரு கட்டம் இருக்கும்: செய்தவர். அவர் சம்மதித்தால் அவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார் என்ற விவரம், அவர் வாயாலேயே சொன்ன வேலைமுறை. பறை அடிப்பவருக்கும் கானா பாடுபவருக்கும் அதே அளவு இடம், அதே அளவு எழுத்து. தனி மூலை கிடையாது. ஏற்கனவே தளம் நடத்துகிறவர்களும் இந்தக் கட்டத்தைச் சேர்க்கலாம். செலவு ஒன்றும் ஆகாது. செய்யத் தயங்கினால், எதற்காகத் தயங்குகிறோம் என்று அவர்களே யோசித்துக்கொள்ளட்டும். உங்க ஊரில் மிருதங்கம், தவில், பறை செய்கிற பெரியவர் யாராவது இருந்தால், இந்த வாரமே போய்ப் பாருங்கள். அவர் பேசச் சம்மதித்தால் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.