கப்பலின் திசைகாட்டியும் தோட்டத்துச் சூராவும்

நம் முன்னோர் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, அங்கிருந்து பேராக்கிற்கு வந்தவர்கள். 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலின் பெயர் இன்றும் நம் வீடுகளில் பேசப்படுகிறது. அத்தகைய இரும்புக் கப்பல்களில் திசைகாட்டியை மட்டும் நம்ப முடியாது. கப்பலின் இரும்பே ஊசியை இழுத்துவிடும். ஆகவே மாலுமிகள் நேரத்தையும் கப்பல் நிற்கும் இடத்தையும் கொண்டு, சூரியன் எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்று கணக்கிடுவார்கள். அதைத் திசைகாட்டி காட்டுவதோடு ஒப்பிட்டால் ஊசியின் பிழை தெரிந்துவிடும். முத்திரையிட்ட படிக்கல்லை வைத்துக் கடைத் தராசைச் சோதிப்பது போலத்தான் இதுவும்.

கரையேறிய பிறகு, ரப்பர் தோட்டங்களில் சூராவ் எழுப்பியபோது இதே கேள்வி வந்தது: கிப்லா எங்கே? சிலர் திசைகாட்டி வைத்தார்கள்; பேராக்கில் காந்த வடக்கிற்கும் உண்மை வடக்கிற்கும் வேறுபாடு ஒரு பாகைகூட இல்லை. ஆனால் அருகிலுள்ள இரும்புத் தூணும் தகரக் கூரையும் ஊசியைத் திருப்பும். சிலர் சூரியன் மறையும் பக்கத்தைப் பார்த்தார்கள். ஈப்போவிலிருந்து கிப்லா 292 பாகை. அதாவது நேர் மேற்கிலிருந்து வடக்கே 22 பாகை. ஜூன் கடைசியில் சூரியன் ஏறத்தாழ அங்கேயே மறைகிறது. டிசம்பரிலோ 45 பாகை தெற்கே விலகிவிடுகிறது.

ஆண்டில் இரு நாள் கணக்கே வேண்டாம். மே 28, ஜூலை 16 ஆகிய நாட்களை ஒட்டிச் சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே நிற்கிறது. நம் நேரப்படி மாலை 5.18, 5.27 அளவில் நட்ட கோலின் நிழல் நுனியிலிருந்து கோலடியை நோக்கினால் அதுவே கிப்லா.

பழைய தோட்டத்துச் சூராவ் ஒன்றில் நாங்கள் அப்படிக் கோல் நட்டோம். ஸஃப் கோடுகள் விலகியிருந்தன. ஒரு பெரியவர் தளர்ந்த குரலில் கேட்டார்: “தம்பி, அப்ப எங்க அத்தா தொழுததெல்லாம்?”

மார்க்கத் தீர்ப்பு உலமாக்களுடையது. எங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னோம்: “கையில் இருந்ததை வைத்துத் தேடித்தான் நின்றார்கள், பெரியவரே. நாங்களும் அதையேதான் செய்கிறோம்.” அவரே கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார். புதுக் கோடு போட்டோம்.

தோட்டங்கள் மறைந்துவருகின்றன, சூராவ்கள் சில நிற்கின்றன. இந்தப் பொன்விழா ஆண்டில் அவற்றை ஒருமுறை சரிபார்ப்போம். ஒரு கோலும் ஒரு கடிகாரமும் போதும், இன்ஷா அல்லாஹ்.