ஆய்வுகூடமும் போதனாமொழியும்: கொழும்பில் இரசாயனக் கல்வி

கொழும்பில் இரசாயனக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பேராசிரியர்களின் வரிசையையே தருவர். நாம் இங்கு நோக்க விரும்புவது வேறொன்று: எம்மொழியிற் பயின்றோர் அவ்வாய்வுகூடத்துள் நுழைய முடிந்தது என்பதே அது.

1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, இலண்டன் பல்கலைக்கழகத் தேர்வுகளுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1942இல் அது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பகுதியானபின்னும் ஆங்கிலமே நிலைத்தது. இரசாயனப் பேராசிரியராக விளங்கிய கந்தையா தமிழரே, விரிவுரையோ ஆங்கிலத்தில். ஆங்கிலப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்ப வல்ல மத்தியதர வர்க்கத்தினருக்கே அக்கதவு திறந்திருந்தது.

மாற்று முயற்சிக்கும் இந்நகருடன் தொடர்புண்டு. விபுலானந்தரை யாழ்நூலாசிரியராகவே போற்றுவோர், அவர் 1916இல் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா பெற்றவர், இரசாயன உதவியாசிரியராகவும் பணிபுரிந்தவர் என்பதை மறந்துவிடுகின்றனர். 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கியமை தற்செயலன்று. 1943இல் அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்.

1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொற்றொகுதிகளும் பாடநூல்களும் வெளிவந்தன. உயர்தர விஞ்ஞான வகுப்புகள் சுயமொழிக்கு மாறின. குழாயி, அளவி, நியமிப்பு முதலிய சொற்கள் கிராமத்து மாணவரின் நாவிலும் பழகின. ('அளவி'யின் எளிமையை இன்றும் மெச்சத் தோன்றுகிறது.) விவசாயியின் பிள்ளையும் இரசாயனம் பயிலலாம் என்ற நிலை அரும்பிற்று.

அரும்பிய அந்நிலையிலேயே போதனாமொழி தடைக்கல்லாயிற்று. 1971ஆம் ஆண்டு அனுமதியில் பௌதிக விஞ்ஞானத்துக்குச் சிங்களமொழி மாணவர் பெறவேண்டிய குறைந்தபட்சப் புள்ளி 183. தமிழ்மொழி மாணவருக்கு 204. மொழிவாரித் தரப்படுத்தலைத் தொடர்ந்து 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. பின்தங்கிய மாவட்டங்கள் அதனாற் பயனடைந்தன. அவற்றுள் தமிழ்ப் பிரதேசங்களும் அடங்கும் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஆனால் இழப்பு யாழ்ப்பாணத்துடன் நின்றுவிடவில்லை. கொழும்பு மாவட்டமும் இடங்களை இழந்தமையால், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மாணவரும் அதற்கு உட்பட்டனர். விஞ்ஞானம் சார்ந்த துறைகளில் தமிழரின் பங்கு 1970இல் 35.3 சதவீதமாயிருந்து 1974இல் 20.9 சதவீதமாகச் சரிந்தது. கிராமப் பாடசாலைகளில் ஆய்வுகூடமின்மையும் பல்கலைக்கழகங்களில் இடமின்மையுமே மூலக் குறைகள். அவை இரு இனத்து ஏழைகளுக்கும் பொதுவானவை. அவற்றை நீக்காது, இருந்த சில இடங்களையே பங்கிடும் வழி தேரப்பட்டது.

இன்று கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தின் போதனாமொழி ஆங்கிலம். உயர்தரம் வரை 'அளவி' எனப் பயின்ற கொட்டாஞ்சேனை மாணவி, முதலாம் ஆண்டின் முதல் நியமிப்பிலேயே அதனைப் 'பியூரெட்' எனக் குறிக்கின்றாள்.